பக்கற்றைத் திறந்த பிறகு அந்தத் திகதி உங்களைக் காப்பாற்றாது

மீண்டும் ஒரு பிள்ளைத்தாச்சி. ஆறு மாதம். காய்ச்சலும் உடம்பு உளைவும் வந்திருக்கிறது. சளிக்காய்ச்சல்தானே என்று இரண்டு நாள் டைலனோல் போட்டுக்கொண்டு வேலைக்கும் போயிருக்கிறார். டொக்டர் சந்தேகப்பட்டு இரத்தத்தைச் சோதிக்க அனுப்பியதால் தப்பினார். லிஸ்டீரியா என்ற கிருமி. ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து ஏற்றினார்கள். தாயும் பிள்ளையும் சுகம்.

பிறகு உணவு ஆலோசனைக்கு என்னிடம் அனுப்பினார்கள். மத்தியானம் வேலையிடத்தில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். பாணுக்குள் வைத்த வான்கோழித் துண்டுகள், பக்கற்றிலிருந்து எடுத்தபடியே. பக்கற்றை எப்போது திறந்தது? "மூன்று கிழமை இருக்கும் அக்கா. ஆனால் திகதி இன்னும் முடியேல்லை. பெரிய கொம்பனிச் சாமான்தானே."

அந்தப் பக்கற்றால்தான் நோய் வந்தது என்று நான் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிப்பது பொதுச் சுகாதாரப் பிரிவின் வேலை. ஆனால் "திகதி இருக்கு, பெரிய கொம்பனி" என்ற பேச்சை ஸ்காபரோவில் எத்தனை குடும்பங்களின் வாயால் கேட்டுவிட்டேன்! கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய கொம்பனி எப்படிப் பெரிதானது என்று முதலில் பார்ப்போம். கனடாவில் பதப்படுத்திய இறைச்சி என்றால் மேப்பிள் லீஃப் ஃபூட்ஸ் என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. அதன் வேர் ரொறொன்ரோவில்தான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் டேவிஸ் என்பவர் இங்கே பன்றியிறைச்சியைப் பதப்படுத்தி இங்கிலாந்துக்கு அனுப்பியே ஒரு பெரிய தொழிலைக் கட்டினார். அவர் தொடங்கிய நிறுவனமும் வேறு சில இறைச்சி நிறுவனங்களும் 1927இல் ஒன்றாகிக் கனடா பக்கேர்ஸ் ஆயின. 1991இல் மேப்பிள் லீஃப் மில்ஸ் என்ற மா ஆலை நிறுவனம் அதோடு சேர, இன்றைய பெயர் வந்தது. 1995இல் மக்கெய்ன் குடும்பமும் ஒன்ராறியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியமும் அதைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தன. 2004இல் கிச்சினரில் இருந்த பழம்பெரும் ஷ்னைடர்ஸ் நிறுவனத்தையும் வாங்கிக்கொண்டார்கள். ஹாம், பொலோனி, வான்கோழித் துண்டு, வீனர் சொசேஜ் எல்லாம் இவர்களிடம் உண்டு. இறைச்சியும் சீஸும் பிஸ்கட்டும் அடுக்கி எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற லஞ்ச்மேட் பெட்டியும் ஷ்னைடர்ஸ் பெயரில் வருவதுதான். கடையில் இறைச்சித் தட்டின் முன்னால் நின்றால் வெவ்வேறு பெயர்கள் தெரியும், பின்னால் இருப்பது பல வேளைகளில் ஒரே வீடு.

இப்படி வளரும்போது என்ன நடக்கிறது? முன்பு ஊருக்கு ஒரு இறைச்சிக்கடைக்காரர் வெட்டியதை இப்போது ஒரே தொழிற்சாலையின் சில இயந்திரங்கள் முழு நாட்டுக்கும் வெட்டுகின்றன. சுத்தம் கூடுகிறது, பரிசோதனை கூடுகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கத்திக்குள் கிருமி குடியேறினால், அது ஒரு தெருவோடு நிற்காது.

2008 ஓகஸ்ட்டில் அதுதான் நடந்தது. நோர்த் யோர்க்கில், பார்ட்டர் வீதியில் இருந்த இந்த நிறுவனத்தின் தொழிற்சாலையிலிருந்து போன இறைச்சித் துண்டுகளில் லிஸ்டீரியா. 57 பேருக்கு நோய் உறுதியானது, 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் வயதானவர்கள். பலர் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இருந்தவர்கள். துண்டு போடும் இயந்திரங்களை நாளாந்தம் கழுவித்தான் இருக்கிறார்கள். கழுவும் கை எட்டாத உட்பாகத்தில் கிருமி தங்கியிருந்தது. நிறுவனத்தின் தலைவர் மைக்கல் மக்கெய்ன் தொலைக்காட்சியில் வந்து நேராக மன்னிப்புக் கேட்டார். அந்தத் தொழிற்சாலையில் செய்த எல்லாவற்றையும் கடைகளிலிருந்து திருப்பி எடுத்தார்கள். அதன் பிறகு பரிசோதனை முறைகள் மாறின, அரசாங்கத்தின் விதிகளும் இறுகின. ஆனால் அதோடு கதை முடிந்துவிட்டதா? 2024இல் அமெரிக்காவில் போர்ஸ் ஹெட் என்ற பெரிய நிறுவனத்தின் வேர்ஜீனியாத் தொழிற்சாலையில் இதே கிருமி, இதே மாதிரி இறைச்சி. 10 பேர் இறந்தார்கள், தொழிற்சாலையையே மூடினார்கள்.

சரி, பிரிட்ஜ் கதைக்கு வருவோம். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான்.

பிரிட்ஜுக்குள் வைத்தால் கிருமி வளராது என்று நினைக்கிறீர்கள். மற்றக் கிருமிகளில் பலவற்றுக்கு அது ஓரளவு சரி. லிஸ்டீரியாவுக்குச் சரியில்லை. அது 4 பாகை செல்சியஸிலும் வளரும். மெதுவாக வளரும், ஆனால் நிற்காது. காற்று இல்லாத பக்கற்றுக்குள்ளும் வளரும், உப்பையும் தாங்கும். ஃப்ரீசரில் வைத்தால் வளராமல் நிற்கும், சாகாது. வெளியே எடுத்து உருக வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். திரும்பவும் சொல்கிறேன்: குளிர் இந்தக் கிருமியைக் கொல்லாது. சூடுதான் கொல்லும்.

"தொழிற்சாலையில் அவித்ததுதானே?" என்று அடுத்த கேள்வி வரும். அவித்ததுதான். இறைச்சியை உருளையாக அவித்து, ஆற வைத்து, அதற்குப் பிறகுதான் துண்டு போடுகிறார்கள். கிருமி வருவது அவித்த பிறகு, கத்தியில். அதற்குப் பிறகு உங்கள் வாய்க்கு வரும்வரை அந்த இறைச்சி நெருப்பையே காண்பதில்லை. "அப்ப நாங்கள் வைச்ச கோழிக்கறியும் மூன்று நாள் பிரிட்ஜில் இருக்குதே" என்று ஒரு அம்மா என்னோடு வாதாடினார். இருக்கிறதுதான் அம்மா. ஆனால் கறியை நீங்கள் கொதிக்கச் சூடாக்கித்தானே சோற்றில் விடுகிறீர்கள்?

அந்தத் திகதி என்ன சொல்கிறது? பக்கற் மூடியபடி, சரியான குளிரில் இருந்தால் அதுவரை தரம் குறையாது என்று நிறுவனம் சொல்கிறது. அவ்வளவுதான். நீங்கள் விளிம்பைக் கிழித்த நிமிடத்தோடு அந்த உத்தரவாதம் முடிந்தது. பிறகு உங்கள் விரல் போகிறது, பச்சைக்கோழி வெட்டிய பலகையில் கிடந்த முள்ளுக்கரண்டி போகிறது, பாதி மூடிய வாயோடு பக்கற் பிரிட்ஜ் கதவில் நின்று நாளுக்கு எத்தனை தரம் குளிரும் சூடும் மாறிமாறிப் படுகிறது.

மணந்து பார்ப்பதாலும் பயனில்லை. துண்டுகளில் வழுவழுப்பு, புளித்த மணம், பால் போல வடியும் தண்ணீர் எல்லாம் வேறு கிருமிகளின் வேலை. லிஸ்டீரியா மணத்தையும் மாற்றாது, ருசியையும் மாற்றாது.

என் துறைக்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லேபலில் சோடியம் டயசிற்றேற் என்று கண்டதும் இரசாயனம் என்று பயந்து பக்கற்றைத் திருப்பி வைக்கிறார்கள். அது லிஸ்டீரியாவின் வளர்ச்சியைக் குறைக்கத்தான் போடப்படுகிறது. "இயற்கை" என்று எழுதியதைத் தேடி வாங்குவோருக்கு: அதில் பெரும்பாலும் செலரிச் சாறு இருக்கும், அந்தச் சாற்றிலிருந்து வருவதும், இறைச்சி கெடாமலிருக்கப் போடுகிற அதே நைட்ரைட்தான்.

இப்போது செய்ய வேண்டியவை. கர்ப்பிணிகள், 60 வயதைத் தாண்டியவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றியவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள்: பக்கற் இறைச்சியைக் குளிராகச் சாப்பிடவே வேண்டாம். தாச்சியில் போட்டோ மைக்ரோவேவிலோ ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள், உள்ளே 74 பாகை வரவேண்டும். இளஞ்சூடு காணாது. வீனர் சொசேஜும் அப்படித்தான். பக்கற்றிலிருந்து நேரே எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள், அதில் வடியும் தண்ணீர் மேசையில் பட்டால் சவர்க்காரம் போட்டுத் துடையுங்கள்.

மற்றவர்கள், திறந்த நாளைப் பக்கற்றின் மேலேயே மார்க்கரால் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் முடியுங்கள், நாலு நாளுக்கு மேல் போனால் குப்பைக்குத்தான். காசு போகிறதே என்று மனம் கேட்காதவர்கள் சின்னப் பக்கற்றாக வாங்குங்கள். பிரிட்ஜுக்குள் ஒரு வெப்பமானி வையுங்கள், 4 பாகையைத் தாண்டக் கூடாது. இறைச்சியைக் கதவில் வைக்காமல் உள்தட்டில் வையுங்கள்.

கடையில் கண்முன்னே வெட்டித் தருவது புதியது, பாதுகாப்பானது என்று நினைப்பவர்களே, அங்கே எல்லா இறைச்சிக்கும் ஓடுவது பெரும்பாலும் அதே இயந்திரம்தான். அதற்கும் இதே நாலு நாள் கணக்கு. நன்றாகக் காய்ந்த சலாமி, ஜேர்க்கி போன்றவற்றில் ஈரம் குறைவு, உப்புக் கூட, ஆகவே இந்தக் கிருமி பொதுவாக வளராது. ஆனால் பிரஷர்காரருக்கு அந்த உப்பே ஆகாது.

பேபி ஷவர் வைக்கிற மாமிமாரிடம் ஒரு மன்றாட்டம். அந்தக் குளிர் இறைச்சித் தட்டைத் தயவுசெய்து தவிருங்கள். மண்டபத்தில் மணிக்கணக்காக இருந்த தட்டிலிருந்து முதல் துண்டை அந்தப் பிள்ளைத்தாச்சியின் வாயில்தானே ஊட்டுகிறீர்கள்! முதியோர் இல்லத்தில் பெற்றோரை வைத்திருப்பவர்கள், மத்தியானச் சாண்ட்விச்சுக்குள் என்ன வைக்கிறார்கள், சூடாக்குகிறார்களா என்று சமையல் பொறுப்பாளரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, அவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. இந்த நோய் சாப்பிட்ட அடுத்த நாளே வரவேண்டும் என்றில்லை, 70 நாள் வரை கழித்தும் வரலாம். கர்ப்பிணிக்குச் சாதாரண காய்ச்சல் போலத்தான் தெரியும், ஆனால் வயிற்றுப் பிள்ளை இறந்துபோகவும் கூடும். காய்ச்சல், தசை உளைவு, வயிற்றோட்டம் என்று வந்தால் பொறுத்துப் பார்க்காதீர்கள். டொக்டரிடம் போகும்போது, "இன்ன கிழமை பக்கற் இறைச்சி சூடாக்காமல் சாப்பிட்டேன்" என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். அவர் கேட்க மறந்துவிடலாம்.