வேக்ரண்ட் என்றால் வழிதவறிய பறவையா? வம்பப் பறவையா?

பறவை பார்ப்பவர்கள் ஓர் அபூர்வ வாத்தின் படத்தைப் பகிர்ந்தால் கூடவே வந்துவிடும் சொல் 'வேக்ரண்ட்'. ஓர் இனம் கூடுகட்டும் இடம், குளிர்காலத்தைக் கழிக்கும் இடம், நடுவில் பறக்கும் பாதை, இந்த மூன்றுக்கும் வெளியே தானாகப் பறந்து வந்து சேர்ந்த பறவை என்று பொருள். 'தானாக' என்பது முக்கியம். வாத்துகளில் சண்டை முழுக்க அங்கேதான் நடக்கிறது.

மாண்டரின் வாத்தையே எடுத்துக்கொள்வோம். சொந்த ஊர் கிழக்கு ரஷ்யா, சீனா, கொரியா, ஜப்பான் பக்கம். ஆணுக்குச் சிவந்த அலகு, கண்ணுக்கு மேலே அகலமான வெள்ளைப் பட்டை, முதுகில் பாய்மரம் போல நிமிர்ந்து நிற்கும் இரண்டு ஆரஞ்சு இறகுகள். 2018 அக்டோபரில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் குளத்தில் ஒன்று தென்பட, ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. ஆனால் அதன் காலில் வளையம் இருந்தது, அதாவது யாரோ வளர்த்தது. அது வேக்ரண்ட் ஆகாது. 2021 பிப்ரவரியில் அசாமின் தின்சுகியா மாவட்டத்தில், மாகுரி ஏரியில் அதே இனத்து ஆண் ஒன்று வந்தது. அந்தப் பக்கத்தில் அதற்கு முந்தைய பதிவு 1902இல். இதை வேக்ரண்ட் என்கிறார்கள்.

அழகான வாத்துகளை உலகம் முழுக்கக் கூண்டிலும் பண்ணையிலும் வளர்க்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு சந்தேகம். அதனால் காலில் வளையம் உண்டா, இறக்கை இறகு வெட்டுப்பட்டிருக்கிறதா, பின்விரல் முழுசாக இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். இறகே சாட்சி சொன்னதும் உண்டு. கிழக்கு சைபீரியாவில் கூடுகட்டி கொரியாவில் குளிர்காலம் கழிக்கும் பைக்கால் கிளுவை என்ற வாத்து ஒன்று 2005 நவம்பரில் டென்மார்க்கில் சுடப்பட்டது. இறகு வளரும்போது குடித்த தண்ணீர், தின்ற தீனி ஆகியவற்றின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அடையாளம், இடத்துக்கு இடம் மாறுவது, இறகில் அப்படியே தங்கிவிடும். ஆய்வகத்தில் பார்த்தபோது, அதன் குஞ்சுப்பருவ இறகுகள் சைபீரியாவோடு பொருந்தின.

சரி, சொல்லுக்கு வருவோம். அலைதல் என்ற பொருளுள்ள 'வகாரி' என்ற லத்தீன் வினையின் சாயல் பதிந்த சொல் இது, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அங்கே முதலில் வீடு வாசல், வேலை வெட்டி இல்லாமல் திரிகிற மனிதரைக் குறித்தது. அவர்களைத் தண்டிக்க இங்கிலாந்தில் 1824இல் தனிச் சட்டமே வந்தது. பறவைக்கு அப்புறம்தான் ஒட்டிக்கொண்டது.

தமிழில் 'வழிதவறிய பறவை' என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறோம். எனக்கு அது ஒப்பவில்லை, ஏனென்றால் காரணத்தை நாமே முடிவுகட்டிவிடுகிறோம். புயல் காற்று தள்ளிக்கொண்டு போகலாம், இளம்பறவை திசை மாறலாம், ஏரி உறைந்துபோய் வேறு தண்ணீர் தேடலாம். வாத்துகளில் இன்னொன்றும் உண்டு: பல இனங்கள் குளிர்காலத்திலேயே சோடி சேர்ந்துவிடும், வசந்தத்தில் ஆண் தன் பெட்டையின் ஊருக்கே கூடப் பறந்து போய்விடும். பெட்டையோடு போனதை வழிதவறியது என்பது எப்படிச் சரியாகும்?

வேறு சொற்களும் பொருந்தவில்லை. 'நாடோடி' என்றால் ஆஸ்திரேலியாவில் மழை பெய்த இடமெல்லாம் தேடிப் போகும் வாத்துகளைப் போல, திரிவதே வழக்கமான இனம். 'விருந்தாளி' ஆண்டுதோறும் வலசை வருவதற்குப் போய்விட்டது, 'வந்தேறி' மனிதர் கொண்டுவந்து பரவியதற்கு.

நம்மிடம் பழைய சொல் ஒன்று சும்மா கிடக்கிறது: வம்பு. 'வம்பு நிலையின்மை' என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். சங்கப் பாடல்களில் வம்பலர் என்றால் ஊருக்குப் புதிதாக வந்த வழிப்போக்கர். குறுந்தொகை 236இல் புன்னைக் கிளையில் வந்து தங்குவது 'வம்ப நாரை', அதாவது அந்தக் கரைக்குப் புதிதாக வந்த நாரை. புதிது, நிலையாகத் தங்காதது என்ற இரண்டும் இந்த ஒரே சொல்லில் இருக்கின்றன, வந்த காரணம் பற்றி அது எதுவும் பேசுவதில்லை. இன்றைக்கு வம்பு என்றால் தகராறு என்று காதில் விழும், உண்மைதான். ஆனால் 'வலசை' கூட எதிரிப்படைக்கு அஞ்சி மக்கள் ஊரைவிட்டுப் போவதைக் குறித்த சொல்தான், இன்று பறவைக்குச் சொன்னால் யாருக்கும் உறுத்துவதில்லை.

ஆகவே 'வம்பப் பறவை' என்று எழுதலாம் என்பது என் கருத்து. கூண்டிலிருந்து தப்பியதற்கு 'தப்பிய பறவை' என்ற பெயரே போதும். எதுவென்று தெரியாதவரை இரண்டையும் எழுதாமல், கால் தெரிகிற மாதிரி ஒரு படம் சேர்த்துப் பகிருங்கள்.