ரெண்டு மணி நேரம் விட்டுத்தான் குடிச்சேன் தம்பி

இந்த மாதத்தில் இதே வசனத்தை மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டேன். அதனால்தான் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரில் மருந்தாளர். வாரத்தில் சில நாள் வார்ஃபரின் கிளினிக்கில் இருப்பேன். ரத்தம் உறையாமல் இருக்க அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் வருவார்கள். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், கொஞ்ச நேரத்தில் கருவியில் ஒரு எண் தெரியும். அந்த எண்ணுக்கு ஐஎன்ஆர் என்று பெயர். எண் ஏற ஏற ரத்தம் உறைய அதிக நேரம் பிடிக்கிறது என்று அர்த்தம். மாத்திரை சாப்பிடாத ஆளுக்கு அது ஒன்றை ஒட்டி இருக்கும். இதயத்தின் மைட்ரல் வால்வுக்குப் பதிலாகச் செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் வைத்திருக்கப் பார்ப்போம்.

போன வாரம் வந்த அம்மாவுக்கு (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்) வயது அறுபத்தேழு. பல வருடமாக என்னிடம் வருகிறவர். ஒரு நாள்கூட மாத்திரையை மறந்ததில்லை. பழுப்பு ஒரு மில்லிகிராம், நீலம் மூன்று, இளஞ்சிவப்பு ஐந்து என்று என் மாணவர்களுக்கே பாடம் எடுக்கக் கூடியவர். அன்றைக்கு எண் 6.4. இரண்டாவது விரலிலும் குத்திப் பார்த்தேன். அதே கதை. முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. "பஸ்ல லேசா இடிச்சுக்கிட்டேன்" என்றார்.

ஆன்டிபயாட்டிக் உண்டா? இல்லை. மாத்திரை மாறிவிட்டதா? இல்லை. வேறு மருந்து ஏதாவது? "மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. எதிர்வீட்டு சீன அம்மா சூப் வைக்கச் சொல்லிக்குடுத்தாங்க, அவ்வளவுதான்."

இருவரும் நாற்பது வருட அண்டைவீட்டார். பேசிக்கொள்வது மலாயில். இந்தம்மாவுக்கு அடிக்கடி களைப்பு, கை கால் சில்லிடுகிறது. அந்தம்மா ரத்தம் குறைச்சல் என்று சொல்லி, சந்தைக்குப் பக்கத்து மருந்துக் கடைக்குக் கையோடு கூட்டிப்போய் வாங்கித் தந்திருக்கிறார். கோழி, சிவப்புப் பேரீச்சை, கோஜி பழம், டாங்குவை என்ற சீன மூலிகை வேர். மூன்று வாரமாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் சூப். கைப்பையிலிருந்து டிஷ்யூவில் சுற்றிய ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். பழைய மரத்தை இழைத்துச் சீவியது போல, வெளிர் மஞ்சளில், ஓரம் பழுப்பாக, காகிதம் மாதிரி ஒரு சீவல். மோந்து பார்த்தால் செலரியும் மண்ணும் கலந்த வாசம். டாங்குவையேதான்.

நான் முகம் மாறியதைப் பார்த்ததும் அந்த வசனம் வந்தது. "சேர்த்துக் குடிக்கல. ரெண்டு மணி நேரம் விட்டுத்தான் குடிச்சேன் தம்பி."

இந்த இரண்டு மணி நேரத்தை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. ஆங்கில மருந்துக்கும் சீன மருந்துக்கும் இடையில் இரண்டு மணி நேரம் விட்டால் போதும் என்று இந்த ஊரில் டாக்சி ஓட்டுநர் முதல் பேராசிரியர் வரை எல்லோரும் நம்புகிறார்கள். தேக்காவில் (லிட்டில் இந்தியா) நாட்டு மருந்து வாங்குகிற நம்மவர்களும் அதையே பின்பற்றுகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இடைவெளி எதற்கு உதவும்? வயிற்றுக்குள் இரண்டு பொருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மருந்து ரத்தத்தில் சேராமல் போவதைத் தடுக்க உதவும். தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் நாலு மணி நேரம் தள்ளிச் சாப்பிடச் சொல்வது அதற்குத்தான். வார்ஃபரின் விஷயம் அப்படியில்லை. இன்று மாலை ஆறு மணிக்கு விழுங்கிய மாத்திரையில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறக்குறைய நாற்பது மணி நேரம் ஆகும். நேற்றைய மாத்திரை உள்ளே இருக்கிறது, முந்தாநாள் மாத்திரையின் மிச்சமும் இருக்கிறது. எட்டு மணிக்குக் குடித்த சூப் அத்தனை பேரையும் சந்திக்கத்தான் போகிறது. சண்டைக்காரச் சம்பந்திகள் இரண்டு பேர் கல்யாண வீட்டுக்கு இரண்டு மணி நேர இடைவெளியில் வந்து இறங்குகிறார்கள் என்று வையுங்கள். இரண்டு பேரும் ஒரு வாரம் தங்கப்போகிறார்கள். வாசலில் மோதிக்கொள்ளவில்லை என்பதால் வீட்டுக்குள் அமைதி நிலவுமா?

இரண்டு மணி நேரம் இல்லை, பன்னிரண்டு மணி நேரம் விட்டாலும் இதே கதிதான். மருத்துவ இதழ் ஒன்றில் 1999-இல் வந்த ஒரு குறிப்பு உண்டு. வார்ஃபரின் சாப்பிட்ட பெண் ஒருவர் டாங்குவை மாத்திரையும் சேர்த்துக்கொண்டார். நாலு வாரத்தில் ஐஎன்ஆர் இரண்டு மடங்கைத் தாண்டியது. நிறுத்திய பிறகு பழைய நிலைக்குத் திரும்ப ஒரு மாதம் ஆயிற்று. டான் ஷென் என்ற சிவப்பு வேர் இதைவிட மோசம். கோஜியும் சளைத்ததில்லை. ஜின்செங் எதிர்த்திசையில் எண்ணை இறக்கிவிடலாம். வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ள அது ஒரு வழி.

இந்த இடத்தில் யாராவது "மூலிகைக்குப் பக்க விளைவு கிடையாதே" என்பார்கள். வார்ஃபரினின் பூர்வீகமே மாட்டுத் தீவனச் செடிதான். 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவிலும், கெட்டுப்போன இனிப்பு குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. அந்த வைக்கோலில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்த ஆராய்ச்சியின் வழியில் பிறந்ததுதான் இந்த மாத்திரை. முதலில் 1948-இல் எலி மருந்தாக விற்றார்கள். இயற்கை ஒன்றும் சாது கிடையாது.

நான் சீன மருத்துவத்துக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். மலேரியாவுக்கு இன்று உலகமே நம்பியிருக்கும் ஆர்ட்டெமிசினின், பழைய சீன மருத்துவ நூலைப் புரட்டிய து யூயூவின் கையில்தான் கிடைத்தது. அதற்கு 2015-இல் நோபல் பரிசு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மருத்துவமே டான் ஷென்னை "ரத்தத்தை ஓடச் செய்யும்" வகையில்தான் வைத்திருக்கிறது. டாங்குவைக்கும் அந்தக் குணத்தைச் சொல்கிறது. ஒழுங்காகப் படித்த சின்சே (சீன மருத்துவர்) நாடி பிடிப்பதற்கு முன்னாலேயே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். இங்கே 2000-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டு அவர்களைப் பதிவு செய்ய வைத்திருக்கிறார்கள். பதிவு பெற்ற சின்சேயிடம் போய்விட்டு வந்தவர்களால் எனக்கு அதிகம் தலைவலி வந்ததில்லை. தலைவலியெல்லாம் அன்பான அண்டைவீட்டாரும் வாட்ஸ்அப்பும் தருவது.

மூட்டுவலி மறுநாளே பறந்துவிட்டது என்று யாராவது பெயர் தெரியாத உருண்டையை நீட்டினால் தயவுசெய்து ஓடிவிடுங்கள். இப்படிப்பட்ட சரக்கில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் உப்பிய பிறகு வந்து நிற்பவர்களுக்கு அதைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து.

சூப் குடித்த அம்மா விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவரிடம் பேசினோம், இரண்டு நாள் மாத்திரை வேண்டாம், மூன்றாம் நாள் மறுபடி பரிசோதனை என்று முடிவாயிற்று. இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தி வைக்காதீர்கள். உலோக வால்வு உள்ளவர் பயத்தில் மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். மூலிகையை நிறுத்தினாலும் எங்களிடம் சொல்ல வேண்டும். அது இருந்தபோது சரிசெய்த அளவு, அது போன பிறகு போதாமல் போகலாம். ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், தலையில் அடி என்றால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். 995-ஐ அழையுங்கள் அல்லது நேராக அவசரப் பிரிவுக்கு வாருங்கள். "எனக்கு வார்ஃபரின் இல்லை, ரத்தம் குத்தாத புது மாத்திரை" என்று நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர்களும் இந்த வரிசையில்தான். உங்களுக்கு எச்சரிக்க அந்த எண்கூடக் கிடையாது.

"அப்போ நான் என்னதான் சாப்பிடுறது?" என்று பாவமாகக் கேட்டார். கோழி சூப் வையுங்கள், இஞ்சி ஒரு துண்டு போடுங்கள், அந்தச் சீவல் மட்டும் வேண்டாம். சோயா சாஸ் பாட்டிலைக் கவிழ்க்காதீர்கள், ஒரு மேசைக்கரண்டியிலேயே ஒரு நாள் சோடியத்தில் பாதி போய்விடும். கீரையை நிறுத்தவே கூடாது. வார்ஃபரினுக்குக் கீரை ஆகாது என்று கேள்விப்பட்டு முருங்கைக்கீரை, காய்லான் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் திடீரென்று ஒரு வாரம் கட்டுக்கட்டாகச் சமைத்தால்தான் எண் ஆட்டம் போடும். வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு, அவ்வளவே. சாமந்திப்பூ டீ குடிக்க ஆசையென்றால் பூவை வாங்கி வீட்டில் சர்க்கரை போடாமல் கொதிக்க வையுங்கள். பாக்கெட்டில் வருவதை வாங்கினால் அதன் மேல் சர்க்கரை அளவைக் காட்ட ஏ, பி, சி, டி என்று போட்டிருக்கும் எழுத்தைப் பாருங்கள். 2022 கடைசியிலிருந்து போடுகிறார்கள், பார்க்கத்தான் ஆளில்லை. களைப்புக்கு முதலில் ரத்தசோகை இருக்கிறதா என்று பரிசோதனை. அதற்கும் சீட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

எதிர்வீட்டு அம்மாவிடமிருந்து இவர் கற்றுக்கொள்ள வேண்டியது சூப்பை அல்ல. அந்தம்மா தினமும் காலை ஏழு மணிக்குப் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே சின்ன ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு கூட்டத்தோடு டைச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சியைச் செய்கிறார். 1956-இல் சீன விளையாட்டு ஆணையம் 24 அசைவுகளாகச் சுருக்கிய வடிவம். ரத்தம் உறையாத மாத்திரையில் இருப்பவர் கீழே விழுந்து தலையில் அடிபடுவதுதான் என் மிகப் பெரிய பயம். டைச்சி செய்கிற முதியவர்கள் விழுவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. என் அலமாரியில் அந்த வேலையைச் செய்யும் மாத்திரை ஒன்றும் இல்லை.

டைச்சி சிரமம் என்றால் பா துவான் ஜின் என்ற இன்னொரு சீனப் பயிற்சி இருக்கிறது. எட்டே அசைவு. இரண்டு கையால் வானத்தைத் தாங்குவது, வில் வளைப்பது என்று போகும். கடைசி அசைவு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஏழு முறை. ஏழு குலுக்கில் நூறு நோய் போகும் என்பது அவர்கள் பழமொழி. நூறு நோய்க்கு நான் பொறுப்பேற்க முடியாது. கெண்டைக்கால் தசைக்கு ஏற்கிறேன். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறக்குங்கள், தொம்மென்று போட வேண்டாம். தோலைச் சுரண்டும் குவா ஷா, குவளை வைத்து உறிஞ்சும் கப்பிங் இரண்டையும் இந்த மாத்திரைக்காரர்கள் கனவிலும் நினைக்காதீர்கள். அக்குபங்சர் ஊசி குத்துவதென்றால் குத்துகிறவரிடம் முதலில் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள்.

நேற்று அந்தம்மா மறுபடி வந்தார். எண் 3.1. கூடவே எதிர்வீட்டு அம்மாவும், கையில் ஒரு துணிப்பையும். பையைக் கவிழ்த்தார்கள். மேசை முழுக்கப் பொட்டலம், டப்பா, தைலம், அடியில் நம்மூர் அதிமதுரப் பொடி வேறு. இந்தம்மாவுக்கு ரத்த அழுத்தமும் உண்டு, அதிமதுரம் அதை ஏற்றிவிடும். அதைத் தனியே எடுத்து வைத்தேன். சீன அம்மா ஒவ்வொரு பொட்டலத்தையும் மலாயில் விளக்க, இந்தம்மா தமிழில் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். பதினான்கு இருந்தது. அடுத்த நோயாளி இருபது நிமிடம் வெளியே காத்திருந்தார், அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவரும் போகும்போது, "நானும் பையைக் கொண்டு வரவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.