ஓர் அமினோ அமிலமும் சுருங்கும் மூளையும்

தந்தைக்கு அல்சைமர் நோயால் மூளை சுருங்கியிருந்தால் பிள்ளைகளுக்கும் அவ்வாறே சுருங்குமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நோயே இல்லாவிட்டாலும் 60 வயதைக் கடந்தவர்களின் மூளை சிறிது சிறிதாகச் சுருங்கத்தான் செய்கிறது. இயல்பான முதுமையில் நரம்பணுக்கள் பெருமளவில் மடிவதில்லை; அவற்றின் கிளைகளும் இணைப்புகளும்தாம் மெலிகின்றன. இந்தச் சுருக்கத்தின் வேகத்தில் மரபணுக்களுக்கும் பங்குண்டு. 15,000-க்கும் மேற்பட்டோரின் மூளைப் படங்களை ஒப்பிட்டு 2022-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு சுட்டிய மரபணுக்களுள் ஒன்று, 19-ஆம் குரோமோசோமில் உள்ள ஏபிஓஈ.

உடலின் கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மூளையில்தான் இருக்கிறது. ஆனால் இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் மூளைக்குள் நுழைய முடியாது என்பதால், மூளை தன் தேவைக்குத் தானே அதைத் தயாரித்துக்கொள்கிறது. ஆஸ்ட்ரோசைட் என்னும் துணைச் செல்கள் உருவாக்கும் கொலஸ்ட்ராலைச் சுமந்து சென்று நரம்பணுக்களிடம் சேர்ப்பது, இந்த மரபணுவின் குறிப்பின்படி உருவாகும் ஏபிஓஈ புரதம். 299 அமினோ அமிலங்கள் கோத்த இந்தச் சங்கிலியின் 112-ஆம் இடத்தில், பெரும்பாலோருக்கு உள்ள ஈ3 வகையில் சிஸ்டைன் என்னும் அமினோ அமிலம் இருக்கிறது. ஈ4 வகையில் ஆர்ஜினைன். வேறுபாடு அவ்வளவுதான். ஆனால் அந்த ஆர்ஜினைன், 61-ஆம் இடத்திலுள்ள இன்னோர் ஆர்ஜினைனின் பக்கக்கிளையை வெளியே தள்ளிவிடுகிறது. நேர்மின்னேற்றம் கொண்ட அந்தக் கிளை, தொலைவில் 255-ஆம் இடத்திலிருக்கும் எதிர்மின்னேற்ற குளூட்டமிக் அமிலத்தை ஈர்க்க, புரதத்தின் இரு முனைப்பகுதிகளும் நெருங்கிவிடுகின்றன என்பது பல காலமாக முன்வைக்கப்படும் விளக்கம். ஈ4 கொழுப்பைக் குறைவாகவே ஏற்றிக்கொள்கிறது; அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்னும் புரதக் கழிவை அகற்றும் பணியும் மந்தமாகிறது. எங்கோ ஓரிடத்தில் நேர்ந்த மாற்றம் வேறோரிடத்தில் வளைவாக வெளிப்படும் இந்த அழகுக்காகவே புரத வேதியியலைப் படிக்கலாம் என்பேன்.

ஈ4 அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது; ஆனால் அது இருப்பதாலேயே நோய் உறுதி என்று கொள்ளக் கூடாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்று ஈ4-இன் இரண்டு பிரதிகள் உள்ளவர்களிலும் நினைவு மங்காமல் முதுமையைக் கடப்பவர்கள் உண்டு. தக்க ஆலோசனையின்றி ஈ4 உண்டா என்று காட்டும் உமிழ்நீர்ச் சோதனையின் முடிவை மட்டும் கையில் கொடுத்தனுப்புவது, என் பார்வையில், அறிவியல் உடை அணிந்த ஜாதகமே.

இதே புரதம் காத்ததாகக் கருதப்படும் நேர்வும் உண்டு. கொலம்பியாவில் 44 வயதளவில் நினைவிழப்பைத் தொடங்கிவைக்கும் வேறொரு மரபணுவின் பிழையுடன் பிறந்த ஒரு பெண்ணுக்கு, எழுபதுகளில்தான் அறிகுறிகள் தோன்றின. அவருடைய ஏபிஓஈ பிரதிகள் இரண்டிலும் 136-ஆம் இடத்து ஆர்ஜினைனுக்குப் பதிலாகச் செரின் இருந்ததை 2019-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவர் மூளையில் அமிலாய்டு மண்டிக்கிடந்தது. நரம்பணுக்களைச் சிதைக்கும் டௌ புரதப் படிவுகளோ குறைவாகவே இருந்தன.