பெயர் கொலிப்ரி, பிறப்பு தேன்சிட்டு

இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகளில், பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி பேசுகிறவர்கள் அங்குள்ள ஒரு சின்னப் பறவையைக் ‘கொலிப்ரி’ என்கிறார்கள். பிரெஞ்சில் அது ஹம்மிங்பேர்டின் பெயர். ஹம்மிங்பேர்டுகளோ இன்று அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே கிடையாது. மாஹே, பிராஸ்லின், லா டீக் தீவுகளில் பூவுக்குப் பூ தாவும் இது தேன்சிட்டு. நம் தோட்டத்துக்கு வரும் ஊதாத் தேன்சிட்டின் பங்காளி.

முதல் பார்வையில் ஏமாற்றம்தான். 11, 12 செ.மீ. நீளம், வளைந்த அலகு, மங்கிய கரும்பழுப்பு உடம்பு. ஆணின் தொண்டையில் வெயில் விழவேண்டும். அப்போது நீலமும் பச்சையும் மயில் கழுத்துபோல மின்னும். தலையைத் திருப்பினால் மறுபடி கறுப்பு. அந்த நீலம் சாயமல்ல. இறகின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் என்ற கருநிறமித் துணுக்குகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளியில் சில நிறங்கள் மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து வலுக்கின்றன. சோப்புக் குமிழியில் வானவில் தெரிவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஆணின் அக்குளில் மஞ்சள் இறகுக் கொத்தும் உண்டு. பெண்ணிடம் காட்டும்போது அதை வெளியே எடுப்பான். மற்ற நேரம் பெரும்பாலும் சிறகுக்குள்ளேயே கிடக்கும். பெண்ணுக்கு இந்த மினுக்கல் எதுவும் இல்லை.

எனக்கு நிறத்தைவிட நாக்குதான் அதிசயம். ஹம்மிங்பேர்டு அந்தரத்தில் நின்றபடி நாக்கை வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் நீட்டி நீட்டித் தேனை அள்ளும். தேன்சிட்டுகள் பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும். நாக்கின் ஓரங்கள் உள்ளே சுருண்டு குழாயாகியிருக்கும். அடிநாக்கை மேலண்ணத்தில் அழுத்திவிட்டு இறக்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. தேன் தானாக மேலே ஏறுகிறது. இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறோமே, அதே வேலை. நாம் கன்னத்தால் செய்வதை இது நாக்காலேயே செய்துவிடுகிறது. பூவின் குழல் நீளமாக இருந்தால் அடியில் துளைபோட்டுத் திருடுவதும் தேன்சிட்டுக் குடும்பத்துப் பழக்கம். மகரந்தம் சுமக்கும் கூலிவேலை அப்போது கிடையாது!

1770இல் மனிதர்கள் குடியேறிய பிறகு இத்தீவுகளில் காடு அழிந்தது. எலியும் பூனையும் வந்தன. செஷல்ஸ் மேக்பை ராபின் என்ற இன்னொரு பறவை 1960களில் ஃப்ரிகேட் என்ற ஒரே தீவில், இருபதுக்கும் குறைவாக ஒடுங்கிப்போனது. கொலிப்ரிக்கு அந்தக் கதி வரவில்லை. செம்பருத்தியோ வெளியூரிலிருந்து வந்த வேறு பூவோ, தேன் இருந்தால் போதும்; கூடவே பூச்சி, சிலந்தி. இன்று வீட்டு முற்றத்திலும் மலைக்காட்டிலும் அது சாதாரணமாகக் கண்ணில் படும்.

கூட்டைப் பெண்தான் கட்டுகிறது. புல்லையும் பாசியையும் சிலந்தி நூலால் பிணைத்து, கிளை நுனியில் பை மாதிரித் தொங்கவிட்டு, பக்கவாட்டில் வாசல் வைக்கும். உள்ளே ஒரே ஒரு முட்டை. நம் ஊர்த் தேன்சிட்டு வழக்கமாக இரண்டு இடும்.