இறந்தவரின் வங்கிக் கணக்கு: ஏடிஎம் கார்டை எடுப்பதற்கு முன்

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே பல வீடுகளில் இன்னொரு காரியமும் முடிந்துவிடுகிறது. இறந்தவரின் ஏடிஎம் கார்டை மகனோ மருமகனோ எடுத்துப்போய், நாளுக்கு இருபதாயிரம், நாற்பதாயிரம் என்று கணக்கைத் துடைத்துவிடுவார். "அப்பா பணம்தானே, ஆஸ்பத்திரி பில்லைக் கட்ட வேண்டாமா?" என்பார்கள். எண்ணத்தில் தப்பில்லை. ஆனால் கணக்குதாரர் உயிரோடு இருக்கும்போது சொல்லிக்கொடுத்த பின் நம்பரைப் பயன்படுத்தும் உரிமை, அவர் மூச்சு நின்றதோடு போய்விடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பணம் வாரிசுகள் எல்லோருக்கும் பொது. ஆறு மாதம் கழித்து மகள் ஸ்டேட்மென்ட் கேட்டால் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த மெஷினில் எடுத்தது என்று வரிவரியாக வரும். நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்தது என்று நிரூபணமானால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 315ஆவது பிரிவின்கீழ் குற்றம். காரியச் செலவைக் கைக்காசில் செய்துவிட்டு, ரசீதுகளை ஒரு கவரில் போட்டுவைத்து, பங்கு பிரிக்கும்போது கழித்துக்கொள்வதுதான் பின்னால் யார் வாயையும் திறக்கவிடாத வழி.

கார்டைத் தேடும் நேரத்தில் பாஸ்புக்கைத் தேடலாம். கடைசி ஒரு வருடத்தை என்ட்ரி போட்டு வாங்கி, வரவை விடப் பற்றைக் கவனமாகப் பாருங்கள். மே, ஜூன் மாதங்களில் 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் 2 லட்சம் வரும் (புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளுக்குள் விபத்தல்லாத மரணம் என்றால் வராது). 20 ரூபாய் பிடித்திருந்தால் அது சுரக்ஷா விபத்துக் காப்பீடு. விபத்து மரணத்துக்கு 2 லட்சம். கணக்கில் இருக்கும் இருப்பே எட்டாயிரமாக இருக்கும் வீடுகளில், இந்த ஒரு வரியைப் பார்க்காமல் கணக்கை மூடிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. லாக்கர் வாடகை, எல்ஐசி பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி, வேறு வங்கிக்குப் போகும் ஆர்டி எல்லாம் அதே பக்கங்களில்தான் தெரியும். பென்ஷன் வரும் கணக்கு என்றால் உடனே தகவல் சொல்லிவிடுங்கள். இறந்த தேதிக்குப் பிறகு ஏறிய பென்ஷனை வங்கி திரும்பப் பிடிக்கும். அதை எடுத்துச் செலவழித்திருந்தால் குடும்பப் பென்ஷன் வேலையும் சிக்கும்.

அடுத்தது இறப்புச் சான்று. 21 நாளுக்குள் பதிந்தால் தாமதக் கட்டணம் இல்லை. தேதியை விடப் பெயரில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். நம் ஊர் இனிஷியல் வழக்கம் கம்ப்யூட்டருக்குப் புரியாது. பாஸ்புக்கில் 'கே. ராஜேந்திரன்', ஆதாரில் 'ராஜேந்திரன் கருப்பையா', ஆஸ்பத்திரி எழுதிக்கொடுத்ததில் வெறும் 'ராஜேந்திரன்' என்று இருந்தால், வங்கி ஊழியர் பார்வையில் அவர்கள் மூன்று பேர். ஆஸ்பத்திரியிலோ மயானத்திலோ விவரம் எழுதிக்கொடுக்கும்போதே ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் வீட்டு ஆட்கள் அழுதுகொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாயில் வந்ததைச் சொல்வார். இந்த ஒரு வேலையை நிதானமான ஓர் ஆளிடம் ஒப்படையுங்கள். சான்று வந்தபின் தவறு தெரிந்தால் பதிவாளரிடமே திருத்தம் கேட்கலாம். இரண்டு பெயரும் ஒருவரே என்ற நோட்டரி உறுதிமொழியைச் சில கிளைகள் ஏற்கும், சில ஏற்காது.

இனி வங்கி. கணக்கு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது. 'எய்தர் ஆர் சர்வைவர்' (இருவரில் யாரும் இயக்கலாம், ஒருவர் போனால் மற்றவர் எடுக்கலாம்) கூட்டுக் கணக்கு என்றால் சுலபம்: இறப்புச் சான்றும் உயிரோடு இருப்பவரின் கேஒய்சியும் (அடையாள, முகவரி ஆவணங்கள்) போதும். அந்தக் கணக்கில் நாமினி இருந்தாலும், கணக்குதாரர்கள் எல்லோரும் போன பிறகுதான் அவர் முறை. 'ஜாயிண்ட்லி', அதாவது சேர்ந்தே இயக்க வேண்டும் என்று போட்ட கணக்கு அப்படியில்லை. அதில் உயிரோடு இருப்பவரும் இறந்தவரின் வாரிசுகளும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தனிப்பெயர்க் கணக்கில் நாமினி இருந்தால் க்ளெய்ம் படிவம், இறப்புச் சான்று, நாமினியின் அடையாள, முகவரி ஆவணம் ஆகியவையே போதும். நாமினியிடம் வாரிசு சான்றோ ஜாமீனோ கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

நாமினிக்குப் பணம் வருவது வேறு, சொந்தமாவது வேறு. வங்கி யாரிடம் கொடுத்தால் தன் பொறுப்பு தீரும் என்பதற்குத்தான் நாமினி. 2010இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறக்கிறார். டெபாசிட் 12 லட்சம். நாமினி மூத்த மகன். மனைவி, இரண்டு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். இறந்தவரின் தாயும் உயிரோடு இருக்கிறார். பங்கு ஐந்து, தலைக்கு 2.40 லட்சம். மூத்தவர் கையில் வரும் 12 லட்சத்தில் 9.60 லட்சம் அவருடையது இல்லை.

அந்த ஐந்தாவது பங்கைத்தான் பெரும்பாலான குடும்பங்கள் மறக்கின்றன. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய் முதல் வகுப்பு வாரிசு; தந்தை இல்லை. பாட்டிக்கு எதற்கு என்று வாரிசு சான்று மனுவில் பெயரை விட்டால், விஏஓ விசாரணையில் மனு திரும்பும். தள்ளிப்போட்டால் சிக்கல் இன்னும் பெரிது. மகனுக்குப் பின் இரண்டு வருடம் கழித்துப் பாட்டியும் இறந்தால், அவர் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகும். அதுவரை அம்மாவும் பிள்ளைகளும் பாட்டியும் போட்டால் போதும் என்றிருந்த படிவத்தில், இனி சித்தப்பா, அத்தை எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு அத்தை பேச்சுவார்த்தையில் இல்லையென்றால் அவ்வளவுதான். கிறிஸ்தவக் குடும்பங்களில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம்களுக்கு ஷரியத் பங்கு. வங்கி இந்தக் கணக்கை உங்களுக்குப் போட்டுத் தராது.

நாமினியும் இல்லை, கூட்டுக் கணக்கும் இல்லை என்றால்தான் உண்மையான அலைச்சல். முதலில் சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வாரிசு சான்றிதழ் தாசில்தார் தருவது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரணைக்குப் பின் வரும். வாரிசுரிமைச் சான்று, அதாவது சக்சஷன் சர்டிபிகேட், நீதிமன்றம் தருவது. அதற்கு வழக்குப் போட்டு, கோர்ட் ஃபீஸ் கட்டி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிளையில் 'சக்சஷன் வாங்கிட்டு வாங்க' என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிடுவார்கள். சிறிய தொகைக்கு அது தேவையில்லை. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பர் 26 அன்று வெளியிட்ட உத்தரவில், வணிக வங்கிகளில் 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரை எளிய நடைமுறை என்று வரம்பு வைத்திருக்கிறது. 2026 மார்ச் 31க்குள் எல்லா வங்கிகளும் இதற்கு மாற வேண்டும் என்பது கெடு. க்ளெய்ம் படிவம், இறப்புச் சான்று, வாரிசு சான்றிதழ், இழப்பு ஏற்பட்டால் ஈடுசெய்வோம் என்ற இன்டெம்னிட்டி பாண்ட், பணம் வாங்காத வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் ஆகியவை இருந்தால் நடக்கும். வாரிசுகளுக்குள் தகராறோ கோர்ட் தடையோ இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். வெளிநாட்டில் இருக்கும் மகனின் கையெழுத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி அனுப்பினால் செல்லாது. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அசல் தபாலில் வர ஒரு மாதம் ஆகலாம் என்பதால் அதை முதல் வேலையாகத் தொடங்குங்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும் போஸ்ட் ஆபீஸுக்கும் விதிகள் வேறு. போஸ்ட் ஆபீஸில் நாமினி இல்லாத 5 லட்சம் வரையிலான தொகையைச் சக்சஷன் இல்லாமல் கேட்கலாம், ஆனால் இறந்து ஆறு மாதம் கழிந்திருக்க வேண்டும்.

ஃபிக்ஸட் டெபாசிட்டில் அவசரப்பட்டு நஷ்டப்பட வேண்டாம். முதிர்வுக்கு முன் இறந்து, முதிர்ந்த பிறகு க்ளெய்ம் செய்தால், முதிர்வுத் தேதி வரை ஒப்பந்த வட்டி உண்டு. அதற்குப் பிந்தைய நாள்களுக்கு முதிர்வுத் தேதியில் நடப்பிலிருந்த விகிதத்தில் தனிவட்டி. முதிர்ந்த பிறகு இறந்திருந்தால் முதிர்வு நாளிலிருந்து சேமிப்புக் கணக்கு வட்டிதான். அதே வங்கியில் கடன் பாக்கி இருந்தால் வங்கி இதில் கழித்துக்கொள்ளப் பார்க்கும். ஆனால் வாரிசு என்ற ஒரே காரணத்துக்காகச் சொந்தக் காசில் அடைக்க வேண்டியதில்லை; கைக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு.

படிவத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். தேதி போட்ட ஒப்புகை வாங்குங்கள். எல்லா ஆவணமும் வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'பேங்க் ரேட்' விகிதத்தோடு 4 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும், லாக்கர் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய். ஒப்புகை இல்லாவிட்டால் அந்தப் பதினைந்து நாள் எப்போது தொடங்கியது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. வங்கிக்குப் புகார் எழுதி 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர் அதிகாரி) இலவசமாகவே புகார் செய்யலாம், வக்கீல் தேவையில்லை.

பாஸ்புக்கே கிடைக்கவில்லை, ஆனால் எங்கோ கணக்கு இருந்தது என்று சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' தளத்தில் தேடுங்கள். பத்து வருடம் அசைவில்லாத கணக்குகளின் பணம் டெபாசிட்தாரர் விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். போனாலும் வாரிசின் உரிமை போகாது. பெயரை மூன்று நான்கு விதமாகப் போட்டுப் பாருங்கள்: இனிஷியல் முன்னால், பின்னால், 'சுப்ரமணியன்', 'சுப்பிரமணியம்'. கிடைத்தால் நேராக அந்த வங்கிக் கிளைக்குத்தான் போக வேண்டும். 20 சதவீதம் கமிஷனுக்கு மீட்டுத் தருகிறேன் என்று போன் செய்கிறவரும் கடைசியில் அதே கிளையில் அதே படிவத்தைத்தான் கொடுப்பார்.