ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட்: வினை மேலாண்மை என்போம்

'செயல்பாட்டு மேலாண்மை ஆய்வுகளின் நடைமுறைப் பொருத்தப்பாடு' என்று ஒரு கருத்தரங்க அழைப்பிதழ் வந்தது. பொருளையோ சேவையையோ உருவாக்கித் தரும் வேலைகளைத் திட்டமிட்டு நடத்தும் துறை ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட். அதற்கு இந்தப் பெயரைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். இந்த முறை பொறுக்கவில்லை. பேராசிரியர்களின் ஆய்வு தொழிற்கூடத்துக்கு ஏன் எட்டவில்லை என்று கவலைப்படுகிற கூட்டம், அந்தக் கவலையையே மங்கலாக்கும் ஒரு சொல்லைத் தலைப்பில் வைத்திருக்கிறது.

லத்தீனில் 'ஓபுஸ்' என்றால் வேலை. அதன் வழிவந்தது ஆபரேஷன். படைத்துறையில் அது களத்தில் நடக்கும் நடவடிக்கை. 1930களின் இறுதியில் இங்கிலாந்தின் பாட்ஸி மேனர் ஆய்வகத்தில் ரேடார் வேலை செய்தது. ஆனால் பகை விமானம் வரும்போது அதை வைத்து நாட்டைக் காக்க முடியுமா என்பது வேறு கேள்வி. களத்தைப் பற்றிய அந்தக் கேள்வியை ஆராய்வதற்கு வைத்த பெயர்தான் 'ஆபரேஷனல் ரிசர்ச்'. போரின்போது, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தாக்க விமானத்திலிருந்து வீசும் குண்டுகள் 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி இருந்ததைப் படிப்படியாக 25 அடிக்குக் கொண்டுவரச் செய்தவர்கள் இந்த ஆய்வாளர்களே. நீர்மட்டத்தில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல், குண்டு விழுவதற்குள் அவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்காது என்பதைத் தாக்குதல் பதிவுகளிலிருந்து கண்டார்கள். பிற்பாடு இந்த ஆய்வுத் துறை களத்தை விட்டுக் கணிதத்துக்குள் புகுந்துகொண்டது என்று 1979இல் ரஸ்ஸல் அக்காஃப் கடுமையாக எழுதினார். அவரும் அதே துறைக்காரர்தான்.

சரி, 'செயல்பாடு' இதில் எதைச் சொல்கிறது? இதயத்தின் செயல்பாடு, கட்சியின் செயல்பாடு, ஊழியரின் செயல்பாடு என்கிறோம். ஒன்று எப்படி இயங்குகிறது, எவ்வளவு நன்றாக இயங்குகிறது என்பதே அதன் பொருள். 'செயல்பாட்டு மேலாண்மை' என்றதும் ஊழியருக்கு மதிப்பெண் போடும் மனிதவளப் பிரிவுதான் நினைவுக்கு வருகிறது. பள்ளிப் பாடநூலில் மாணவர் செய்துபார்க்கும் பயிற்சிக்கும் இதே சொல். ஒரே சொல்லின் தலையில் இத்தனை சுமை ஏற்றினால் எதுதான் தெளிவாக நிற்கும்? 'இயக்க மேலாண்மை' என்பாரும் உண்டு. இயக்கம் என்றால் இயற்பியலும் அரசியலும் முன்னால் வந்து நிற்கும். 'உற்பத்தி மேலாண்மை' நல்ல தமிழ்தான், ஆனால் மருத்துவமனையும் வங்கியும் எதை உற்பத்தி செய்கின்றன?

நம்மிடம் 'வினை' இருக்கிறது. வேலை செய்பவரை வினைஞர் என்றது பழந்தமிழ். குறளில் 'வினைசெயல்வகை' என்று ஓர் அதிகாரமே உண்டு. பொருள், கருவி, காலம், வினை, இடம் ஐந்தையும் எண்ணிச் செய் என்கிறது. இந்தத் துறையின் பாடத்திட்டம் வேறென்ன? அதே அதிகாரத்தின் 677ஆம் குறள், ஒரு வினையைச் செய்யப் புகுபவன் அதன் உள்ளறிந்தவனின் கருத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது. கருத்தரங்கம் தேடுகிற பொருத்தப்பாடு இதுதான்.

வினை என்றால் ஊழ்வினை நினைவுக்கு வருமாம். வேதிவினை, வினையூக்கி என்று படிக்கிற பிள்ளைகள் யாரும் முற்பிறவியை நினைப்பதில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள், அப்புறம் அதுவே பல்கலைக்கழகப் பாடத்தாளில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஷிப்ட் பார்க்கும் ஒரு மேற்பார்வையாளரிடம் 'செயல்பாட்டு மேலாண்மை' என்றால் என்ன புரிகிறது என்று ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்.