சிரட்டைக் கரிக்குள் சிக்கும் ஆவி

பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் வாசகி, தம் சட்டைக் காலரில் கண்ணாடிக் குழாயையும் இடுப்பில் சிறு பம்பையும் மாட்டிவிட்டவர்கள் எதை அளந்தார்கள் என்று கேட்டிருக்கிறார். அவர் பசையும் சாயமும் புழங்கும் பிரிவில் இருப்பதால், டொலுயீன் போன்ற கரைப்பான்களின் ஆவியாகவே அது இருக்கும். வேலையிடத்தில் புழங்கும் தீங்கான இரசாயனங்களுக்கான மலேசியாவின் 2000ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, எட்டு மணி நேரச் சராசரியாக டொலுயீன் 50 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு), அதாவது கன மீட்டருக்கு 188 மில்லிகிராமுக்கு, மேல் போகக்கூடாது. சுவரில் கருவியை மாட்டினால் சுவரோரக் காற்றுதான் தெரியும் என்பதால், மூக்கிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டருக்குள் காற்றைப் பிடிக்கிறார்கள்.

மூக்கையே நம்பலாமே என்றால், அது சிறிது நேரத்தில் வாடைக்குப் பழகிவிடும். வேலை முடிந்து பால் குடித்தால் நஞ்சு முறியும் என்ற நம்பிக்கையும் இன்னும் ஒழிந்தபாடில்லை. நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்த ஆவியை வயிற்றிலுள்ள பால் என்ன செய்யும்?

பம்பு காற்றை இழுப்பதோடு சரி; வித்தையெல்லாம் குழாய்க்குள் இருக்கிறது. விரல் நீளமுள்ள அதில், தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்த கரி முன்னால் 100 மில்லிகிராமும், தடுப்புக்குப் பின்னால் 50 மில்லிகிராமும் இருக்கும். கரியைக் கடும் வெப்பத்தில் நீராவியால் வாட்டும்போது அதனுள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் எண்ணற்று உண்டாகி, கிராமுக்கு ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கிறது. ஆக, அந்தச் சிட்டிகைக் கரிக்குள் ஒரு பூப்பந்துத் திடலைவிடப் பெரிய பரப்பு மடிந்து கிடக்கிறது. குறுகிய துளைக்குள் நுழைந்த டொலுயீன் மூலக்கூறைச் சுற்றியுள்ள சுவர்கள் எல்லாப் பக்கமிருந்தும் மெல்ல ஈர்ப்பதால், அது அங்கேயே ஒட்டிக்கொள்கிறது.

பின்பகுதிக் கரிதான் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. முன்பகுதி நிரம்பி வழிந்தால் மிச்சம் அங்கே போய்ச் சேரும்; முன்பகுதியில் உள்ளதில் பத்து விழுக்காட்டுக்கு மேல் அங்கே இருந்தால், குழாயைத் தாண்டியும் ஆவி தப்பியிருக்கலாம் என்பதால் அந்த அளவை நம்புவதில்லை. நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் வீதம் ஒரு மணி நேரம் இழுத்தால் ஆறு லிட்டர் காற்று. வரம்பளவு ஆவி இருந்தால் கரியில் சேர்வது சுமார் 1.1 மில்லிகிராம். அதை ஆய்வகத்தில் கார்பன் டைசல்பைடு என்ற திரவத்தால் கழுவியெடுத்து, கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவியில் அளப்பார்கள்.

குளிரூட்டி இல்லாத பட்டறைகளில் நம் ஊர்ப் புழுக்கமும் குறுக்கிடுகிறது. நீர் மூலக்கூறுகளும் துளைகளில் இடம் பிடிப்பதால் கரி சீக்கிரம் நிரம்பிவிடும். அத்தகைய இடங்களில் குழாயை அடிக்கடி மாற்றியே நாள் முழுவதையும் அளக்க வேண்டும்.